ஃபிளாப்பி இல்லாத பன்னிரண்டு மெஷின்கள்

4.10.2005, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். குடை ஆபீஸில், நான் வீட்டில். திருமுல்கேரி ஸ்டாப்பில் நின்று நின்று கடைசியில் ஷேர் ஆட்டோ. செகந்திராபாத்தில் மாறி ஹப்சிகுடா போய்ச் சேர்ந்தபோது துப்பட்டாவைப் பிழியலாம் போல இருந்தது.

புது மெஷின்கள் வந்துவிட்டன. பன்னிரண்டு. மேல்மாடி ஹால் முழுக்க அட்டைப்பெட்டி. பிரிக்கும்போது வருகிற தெர்மாகோல் வாசனை எனக்குப் பிடிக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

சந்தோஷம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும்தான். நாலு பெட்டி பிரித்ததும் கண்ணில் பட்டது. ஃபிளாப்பி டிரைவ் இல்லை. மற்றதிலும் இல்லை. சி.டி. டிரைவ் மட்டும். டீலர் அனுப்பிய இன்ஜினியர் பிரசாத் சிரிக்கிறான். "இப்புடு எவரண்டீ ஃபிளாப்பி பெடதாரு?" இந்தக் காலத்தில் யார் வைக்கிறார்களாம்.

98 போடுகிறவர்கள் வைக்கிறார்கள். முதலாளி மேடம் லைசென்ஸோடு முறையாக வாங்கி பீரோவில் வைத்திருக்கும் விண்டோஸ் 98 சி.டி. தானாகக் கிளம்பாது. ஃபிளாப்பியைப் போட்டு மெஷினை எழுப்பிவிட்டு அப்புறம்தான் சி.டி. பக்கமே போக முடியும். ஃபிளாப்பி சாவி, சி.டி. வீடு. இந்த மெஷின்களில் சாவி நுழைக்க ஓட்டையே இல்லை.

பிரசாத்திடம் கேட்டது:
பெட்டியைத் திறந்து பழைய ஃபிளாப்பி டிரைவை மாட்டலாமா? – சீல் உடைந்தால் வாரண்டி போச்சு. அவ்வது.
மெஷினை மாற்றித் தருவீர்களா? – தசரா முடியட்டும். இப்போ அவ்வது.
98 போட வேறு வழி? – அவ்வது மேடம். புது விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

புது விண்டோஸில் கிளையன்ட் கொடுத்த பிளேயரும் ஓடாது, கால் பெடலும் ஓடாது. அதை அவனிடம் மூன்று தடவை சொன்னேன். 'அவ்வது' என்றால் ஆகாது. ஹைதராபாத் வந்து நான் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட தெலுங்கு இது ஒன்றுதான், எல்லாம் இவன் புண்ணியம்.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டார். மெட்ராஸில் டாக்டருக்குப் படித்தவர், என்னிடம் தமிழ்தான். "செல்வி, பன்னெண்டாம் தேதி விஜயதசமி. அன்னிக்கு நம்ம முதல் ஃபைல் போகணும். போகலேன்னா கிளையன்ட் இந்த வேலையைப் பெங்களூர் யூனிட்டுக்குக் குடுத்துடறேன்னு மெயில் போட்டுட்டாங்க. புது பேட்ச் பொண்ணுங்களை நான் என்ன பண்றது?"

புது பேட்ச் பன்னிரண்டு பேர். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லாத ட்ரெயினிங். மெஷின் ஓடினால் வேலை, ஓடாவிட்டால் வீடு. அதில் ஒருத்தி கல்பனாக்கா. என் வீட்டுக்காரம்மா. கீழே அவர்கள், மாடியில் நான். பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இதில் சேரச் சொன்னதே நான்தான். அங்கே அவள் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

மேடத்திடம் சொல்லிவிட்டேன், "சி.டி.யே தானா கிளம்பற மாதிரி நான் பண்ணித் தரேன் மேடம்." வாய் முந்திக்கொண்டது. முடியும் என்று படித்திருக்கிறேன். செய்ததில்லை.

5.10, புதன்

மழை இல்லை, புழுக்கம். ரம்ஜான் நோன்பு தொடங்குகிறது. தார்நாகா வரை வழியெல்லாம் ஹலீம் கறிக்கஞ்சிக்கு அடுப்பு கட்டுகிறார்கள்.

கோவில்பட்டியிலிருந்து அம்மா ஃபோன். ஜாதகம் ஒன்று வந்திருக்கிறதாம், பையன் ஓசூராம். பிறகு வழக்கம்போல, "உங்க ஆபீஸ்ல என்னதான் வேலை?" மறுபடி விளக்கினேன். அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு விவரத்தை வாயால் பேசி வைப்பார். இங்கே பெண்கள் காதில் கேட்டு டைப் அடித்து அனுப்புவார்கள், அவர்கள் மெஷின்களை நான் பார்த்துக்கொள்வேன். குரலை நிறுத்த, ஓடவிட, பின்னால் தள்ள காலடியில் ஒரு பெடல். கை டைப் அடிக்கும், கால் பெடலில். அம்மா யோசித்துவிட்டு, "அப்ப டெய்லர் வேலை மாதிரின்னு சொல்லு" என்றாள். சரி அம்மா.

இன்று செய்தது. என் பழைய மெஷினில் ஃபிளாப்பியும் இருக்கிறது, சி.டி. எழுதும் டிரைவும் இருக்கிறது. 98 சி.டி. முழுவதையும் ஹார்ட் டிஸ்கில் காப்பி. பூட் ஃபிளாப்பி ஒன்று செய்து, அந்த ஃபிளாப்பியை அப்படியே ஒரே ஃபைலாக உரித்து எடுத்தேன். இரண்டையும் சேர்த்து ஒரு வெற்று சி.டி.யில் எழுதினேன். மேலே ஓடி, புது மெஷினில் போட்டு, கைகட்டி நின்றேன்.

'ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

நாலு மணிக்குப் புரிந்தது. ஃபிளாப்பி ஃபைலை மற்ற ஃபைல்களோடு ஃபைலாகப் போட்டு எழுதியிருக்கிறேன். இதிலிருந்துதான் கிளம்பு என்று எழுதும் சாஃப்ட்வேரில் தனியாகக் காட்ட வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நின்றிருக்கிறேன். என்னை நானே திட்டிக்கொண்டேன், நெல்லைச் சீமையில் வழங்கும் வார்த்தைகளால். எதிர் சீட் சுஜாதாவுக்குத் தமிழ் தெரியாதது நல்லது.

வாங்க: பால், கொசுவர்த்தி, வெற்று சி.டி., தலைவலித் தைலம்.

6.10, வியாழன்

கிளம்பிவிட்டது! இரண்டாவது சி.டி. போட்டதும் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வரி வரியாக. ஃபிளாப்பி இல்லாத மெஷின், ஃபிளாப்பி போட்டதாக நினைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. ஏமாற்றிவிட்டேன் அதை.

ஆனால் பாதி வழிதான். எழுந்தது, பிறகு தன் சி.டி.யையே காணோம் என்றது. உள்ளே இருக்கும் சி.டி.யை. காரணம், டிரைவ்களுக்கு அது தரும் எழுத்து. ஹார்ட் டிஸ்க் வெறுமையாக இருக்கும்போது சி.டி.க்கு ஒரு எழுத்து, ஹார்ட் டிஸ்கைத் தயார் செய்த பிறகு இன்னொரு எழுத்து. நான் எழுதிய கட்டளை பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டுகிறது.

அந்த நேரம் பார்த்து பிரசாத். டெலிவரி சலானில் கையெழுத்து வாங்க வந்தானாம். திரையைப் பார்த்தான். "செப்பானு கதா மேடம்." சொன்னேன் அல்லவா என்று. அவன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். திருப்பித் தரவில்லை. இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

இரவு கீழ்வீட்டில் பேச்சுச் சத்தம். கல்பனாக்காவின் வீட்டுக்காரர் ரவி, பேங்கில் கேஷியர். சத்தம் போடுகிறவர் இல்லை. இன்று போட்டார். "கையிலிருந்த வேலையை விட்டுட்டு கம்ப்யூட்டர் வரும், பெடல் வரும்னு உக்காந்திருக்கே. எல்லாம் மாடியில இருக்கறது குடுத்த ஐடியா." அக்கா, "ஹவ், நான் விட்ட வேலை, நான் பாத்துக்கறேன். அவளைக் கைக்கு இழுக்கறீங்க?" ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் ஏன், இந்த ஊர் உருது.

மாடியில் இருக்கிறது. அது நான்தான். சாப்பிடப் பிடிக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் கஷ்டம்.

7.10, வெள்ளி

வெயில். காலையில் அக்காவும் நானும் ஒரே ஆட்டோ. இரண்டு பேரும் நேற்று இரவைப் பற்றிப் பேசவில்லை. அக்கா பையிலிருந்து பொங்கனாலு எடுத்துக் கொடுத்தாள், நம்ம குழிப்பணியாரம்தான். "மூஞ்சி கைக்கு இப்படி வெச்சிருக்கே? சாப்பிடு. டென்ஷன் நக்கோ." நக்கோ என்றால் வேண்டாம். இவர்கள் தாத்தாவின் தாத்தா பட்டாளத்தோடு வேலூரிலிருந்து வந்தவராம். ஐந்து தலைமுறை. தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் ஒரே குழம்பு, ஆனால் அக்கா வாயில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எழுத்துச் சிக்கல் தீர்ந்தது. சி.டி.க்கு எப்போதும் R என்று கட்டிப்போட்டேன். ஹார்ட் டிஸ்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் R. அத்துடன் இன்னொரு யோசனை. சி.டி.யிலிருந்து நேராகப் போடாமல், முதலில் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் இறக்கிவிட்டு அங்கிருந்து போடச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் சி.டி.யை உருவி அடுத்த மெஷினுக்குப் போகலாம். இதற்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். உண்மையிலேயே தட்டினேன், கை எட்டவில்லை.

மூன்றாவது சி.டி. ஃபைல்கள் இறங்கின. நீலத் திரை, கோடு நகர்கிறது. மெஷின் தன்னை அணைத்துக்கொண்டு திரும்ப எழுந்தது. அப்புறம் செய்தி: நினைவகம் போதவில்லை.

போதவில்லையா? தசரா ஆஃபர் என்று டீலர் இலவசமாக ரேமை இரண்டு மடங்கு போட்டுக் கொடுத்திருக்கிறான். 98 பிறந்த காலத்தில் இவ்வளவு ரேமைக் கண்ணால் கண்டவர் கிடையாது. அளவுக்கு மேல் கிடைத்ததும் கணக்குக் குழம்பி, 'போதவில்லை' என்கிறது. இலை நிறையப் பரிமாறிய பிறகு பசிக்கிறது என்று அழும் எங்கள் பெரிய மாமா மாதிரி.

சீலை உடைத்து ரேமைக் கழற்ற முடியாது. நெட்டில் தேடியதில் ஒரு ஆள் எழுதியிருக்கிறான், ஒரு வரி போதும், இத்தனைக்கு மேல் தொடாதே என்று 98-க்குச் சொல்லிவைக்க வேண்டும். அந்த வரியை இன்ஸ்டால் ஆகும்போதே தானாக எழுதிக்கொள்ளும்படி சி.டி.க்குள் வைக்க வேண்டும். நாளைக்கு.

8.10, சனி

ஆயிற்று ஆயிற்று ஆயிற்று.

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நானே நம்ப மாட்டேன். ரேம் வரி உள்ளே. போர்டுக்கு வேண்டிய டிரைவர்கள் உள்ளே. 98 வழியில் நிறுத்தி நிறுத்திக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் ஒரு ஃபைலில் எழுதி உள்ளே: கம்பெனிப் பெயர், லைசென்ஸ் நம்பர், இந்திய நேரம், கீபோர்டு. எதற்கும் யாரும் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. நாலாவது சி.டி. போட்டேன். பட்டனை அழுத்தினேன்.

உட்கார்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. தெருமுனை இரானி ஹோட்டலில் ஒரு டீ, ஒரு உஸ்மானியா பிஸ்கட். பிஸ்கட்டை டீயில் விட்டுவிட்டு ஸ்பூனால் தேடினேன். அப்படி இருந்தது மனசு.

திரும்பி வந்தால் பச்சை நீலத் திரை. மூலையில் நேரம் சரியாக. என் கம்பெனிப் பெயர். யாரும் தொடவில்லை. ஹாலில் யாரும் இல்லை, கதவைச் சாத்திவிட்டு ஆடினேன். ஆட எனக்குத் தெரியாது.

மேடத்திடம் போய் நிதானமாகச் சொல்ல நினைத்தேன், மூச்சு வாங்கியது. மேடம் எழுந்து வந்து பார்த்து, மௌஸை ஒரு தடவை ஆட்டிப் பார்த்து, "நீ பண்ணினியா? தனியா?" என்றார். இரண்டு கேள்விக்கும் ஆமாம் சொன்னேன்.

மற்ற பதினொன்றையும் இன்றே போட்டுவிடலாம் என்றேன். மேடம் தலையாட்டவில்லை. செவ்வாய் ஆயுத பூஜை. புது மெஷின், பொட்டு வைக்காமல் ஆரம்பிக்கக் கூடாதாம். இது ஒன்று சோதனைக்கு, அதனால் பரவாயில்லையாம். "பூஜை முடிஞ்சு போடு. ராகு காலம் மூணு மணிக்கு. அதுக்குள்ள எல்லாம் ஆரம்பிச்சிடணும்."

வாதாடிப் பார்த்தேன். டாக்டருக்குப் படித்தவர் என்று ஞாபகப்படுத்தக்கூட ஆசை வந்தது. நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன்.

9.10, ஞாயிறு

துணி ஊறவைத்து மறந்து, இரண்டாம் தடவை ஊறவைத்தது.

கெட்டுப்போன மூன்று சி.டி.க்களையும் அக்காவின் மாமியார் கேட்டு வாங்கிப் பால்கனியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். புறாத் தொல்லைக்கு. மினுமினுப்புக்குப் பயந்து புறா வராதாம். மத்தியானம் பார்த்தால் ஒரு புறா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து முகம் பார்க்கிறது.

ரவி அண்ணன் மாடிக்கு வந்தார். தண்ணீர் டேங்க் பார்க்க வந்த மாதிரி. டேங்கைத் தட்டினார், மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு, "ஓடிச்சாமே?" "ஒண்ணு ஓடிருச்சுண்ணே. பதினொண்ணு பாக்கி." "ஒண்ணு ஓடினா மத்தது ஓடாதா?" "ஓடணும்." டேங்க் மூடியை இன்னொரு தடவை அழுத்தினார். "அவ ராத்திரி தூங்கலே. மருந்துப் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு இருந்தா." அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார். அன்றைக்குப் பேசியது எனக்குக் கேட்டிருக்கும் என்று அவருக்கும் தெரியும்.

ஓசூர்ப் பையன் படம் தபாலில். மீசை பரவாயில்லை. பார்க்கலாம்.

10.10, திங்கள்

மேகமூட்டம். முழங்கால் வலி, சனிக்கிழமை மாடிப்படியில் ஓடியது.

பெடல் சோதனை. ஓடும் ஒரே மெஷினில் பிளேயரைப் போட்டு, பெடலை மாட்டி, அக்காவை உட்காரவைத்தேன். மிதித்தாள். குரல் வந்தது. காலை எடுத்தாள். நின்றது. குதிகாலால் அழுத்தினாள், பின்னால் போனது. திரும்ப மிதித்தாள். ட்ரெயினிங்கில் பெடல் கிடையாது, மூன்று மாதமும் மௌஸால் நிறுத்தி நிறுத்தித்தான் பழகினார்கள். அக்கா மிதித்துக்கொண்டே இருந்தாள். "எடுக்க மனசு வரலே செல்வி."

சனிக்கிழமை சி.டி.யோடு சேர்த்து மூன்று ஆகும்படி இன்னும் இரண்டு காப்பி எழுதிவைத்தேன். ஒன்று கெட்டால் ஒன்று.

புது பேட்ச் பெண்கள் எல்லாரும் சாயங்காலம் சேர்ந்து ஹாலைக் கூட்டி, காகிதத் தோரணம் கட்டினார்கள். ஒருத்தி கேட்டாள், "அக்கா, நாளைக்கு எல்லாம் ஓடுமா, நிஜமா?" ஓடும் என்றேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

11.10, செவ்வாய், ஆயுத பூஜை

வரும் வழியெல்லாம் சாமந்தி மாலை. பஸ்ஸுக்கு மாலை, ஆட்டோவுக்கு மாலை, பஞ்சர் கடை பம்புக்கு மாலை. ரோட்டில் உடைத்த பூசணிக்காய்களில் ஆட்டோ வழுக்கியது.

எல்லாப் பெண்களும் பட்டுப்புடவை. நான் அம்மா அனுப்பிய நீலம். பிரசாத்தும் வந்திருந்தான், பிரசாதத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். மேடம் தாம்பாளத்தோடு வந்தார். "உன் சி.டி.யையும் தட்டுல வை செல்வி. இன்னிக்கு ஆயுதம் அதுதானே."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று சி.டி.க்கும் பெயர் எழுதியிருக்கவில்லை, அவசரமாக மார்க்கரால் '98 ஹால்' என்று எழுதினேன். மை காயவில்லை. அழிந்துவிடக் கூடாது என்று எழுதிய பக்கத்தை மேலே, பளபளப்பைக் கீழே வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மேடம் கேட்டார், "எந்தப் பக்கம் முகம்?" பளபளப்பு மேலே இருக்கும்படி திருப்பி அழகாக விசிறி மாதிரி அடுக்கினேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம். கீபோர்டுக்கு, யு.பி.எஸ்.சுக்கு, பன்னிரண்டு பெடலுக்கு. சி.டி. மூன்றுக்கும், நட்டநடு ஓட்டைக்குப் பக்கத்தில், மேடம் கையால் பதமாக ஒரு பொட்டு. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கும்பிட்டுக்கொண்டு.

தேங்காய் உடைத்தாயிற்று. கைதட்டல். முதல் மெஷின். சி.டி.யை உள்ளே தள்ளினேன். எல்லாரும் என் பின்னால். டிரைவ் சுற்றியது. டொக் டொக் என்றது. மறுபடி சுற்றியது. கர்ர் என்றது. திரையில் புதன்கிழமை பார்த்த அதே வரி. ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை.

இன்னொரு சி.டி., இன்னொரு மெஷின். அதே.

பின்னால் யாரோ தெலுங்கில் மெதுவாக, "ராலேதா?" வரவில்லையா என்று. பிரசாத்தின் குரல் இல்லை, அவன் வாயைத் திறக்கவே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அக்கா முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சனிக்கிழமை ஓடியது கனவா? எழுதும்போது தப்பா? மூன்றும் தப்பாகுமா? பட்டனை அழுத்தி டிரைவைத் திறந்தேன்.

சி.டி. முழுக்கச் சிவப்பு வட்டம். நடுவில் வைத்த பொட்டு சுற்றின வேகத்தில் ஓரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. சந்தனமும் சேர்ந்து. டிரைவ் படிக்கிற பக்கமே அதுதான்.

நான் சிரித்தேன். அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஒருத்தருக்கும் புரியவில்லை, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சி.டி.யைத் தூக்கிக் காட்டினேன். மேடம் கிட்டே வந்து பார்த்தார். "அய்யய்யோ, நான்தான் வச்சேன்." "இல்லை மேடம், முகம்னு காட்டினது நான்."

பிரசாத் ஒரு சி.டி.யை வாங்கிக் கர்ச்சீப்பால் வட்டமாகத் துடைக்க ஆரம்பித்தான். கையைத் தட்டிவிட்டேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும். வாஷ்பேசின் முன்னால் வரிசை. அக்கா தண்ணீர் விட, ஒருத்தி ஷாம்பூ பாக்கெட் கிழிக்க, பிரசாத் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நான் சொன்ன மாதிரியே நடுவிலிருந்து ஓரத்துக்கு. மேடம் தன் புதுப் பருத்தித் துண்டைக் கொடுத்தார். மூன்றையும் ஈரம் போக ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். குங்குமச் சாயம் லேசாக. கீறல் இல்லை.

போட்டேன். டிரைவ் சுற்றியது. டொக் இல்லை, கர்ர் இல்லை.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? பத்து நிமிஷம், சி.டி.யை உருவி அடுத்த மெஷின். மூன்று சி.டி. கைமாறி கைமாறிப் போனது, பட்டுப்புடவைகளுக்கு நடுவில். பொட்டு கரைந்து ஒட்டிய இரண்டு டிரைவ்கள் கொஞ்சம் முரண்டு பிடித்தன, பஞ்சால் துடைத்ததும் வழிக்கு வந்தன. மூன்று மணிக்கு வெகு முன்னாலேயே ஹால் முழுக்க நீலத் திரை, பதினொன்று, எல்லாவற்றிலும் கோடு தானாக நகர்கிறது. யாரும் கீபோர்டைத் தொடவில்லை. எல்லாரும் சுவரோரம் நின்று பார்த்தோம், தேர் வருவதைப் பார்க்கிற மாதிரி. அக்கா சொன்னாள், "ஹவ், ஒருத்தரும் தொடலே, தானே போயிட்டே இருக்கு பாரு." ஒன்று அணைந்து எழுந்தது. பிறகு அடுத்தது. ரேம் போதவில்லை என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. பச்சை நீலம், பச்சை நீலம், பச்சை நீலம். கடைசி மெஷின் வந்தபோது பெண்கள் போட்ட சத்தத்தில் கீழ்மாடி பல் டாக்டர் மேலே ஓடிவந்துவிட்டார்.

எனக்கு என்னமோ இப்போதுதான் ஹைதராபாத் வந்த மாதிரி இருந்தது. இரண்டு வருஷமாகிறது வந்து.

பிரசாத் போகும்போது நின்றான். வேறு இரண்டு ஆபீஸிலும் இதே தொல்லையாம். "ஒக்க காப்பி இஸ்தாரா மேடம்?" ஒரு காப்பி தருவீர்களா. முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னேன், "அவ்வது."

அவனே சிரித்துவிட்டான். உள்ளே எங்கள் லைசென்ஸ் நம்பர் இருக்கிறது, தர முடியாது. எப்படிச் செய்வது என்று சொல்லித் தருகிறேன், வியாழக்கிழமை வா என்றேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

12.10, புதன், விஜயதசமி

நல்ல வெயில். ஊரே லீவு, நாங்கள் இல்லை. அமெரிக்காவில் தசரா கிடையாது.

ரவி அண்ணன் எங்கள் இருவரையும் ஸ்கூட்டரில் ஏற்ற முடியாது என்று ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். ஆட்டோ கிளம்பும்போது என்னிடம், "நைட்டு இங்கயே சாப்பிடு" என்றார். இங்கே இன்று ஜம்மி இலை, நம்ம வன்னி இலை, கொடுத்துக்கொள்வது வழக்கம், தங்கம் என்று சொல்லி. டிரைவர்கூட ஒன்று கொடுத்தார்.

முதல் ஃபைல் வந்தது. மேடம் என்னைத்தான் திறக்கச் சொன்னார், சாஸ்திரத்துக்கு. திறந்தேன். யாரோ ஒரு டாக்டர், மூக்கடைத்த குரல், ஒரு கிழவருக்கு முழங்கால் ஆபரேஷன். நாற்காலியை விட்டு எழுந்து அக்காவைப் பார்த்தேன். அவள் செருப்பை மேசைக்கு அடியில் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். காதில் ஹெட்ஃபோன். வெறுங்கால் பெடல் மேல். மெட்டி பிளாஸ்டிக்கில் பட்டு டிக் என்றது. ஓடியது. நிறுத்தினாள், தட்டினாள். பின்னால் போனாள். ஓடியது.

அப்புறம் இரண்டு, நாலு, எல்லா மெஷினிலும். ஹாலில் பேச்சே இல்லை. கீபோர்டும் பன்னிரண்டு காலும்தான்.

மேடம் மத்தியானம் என் அறைக்கு வந்து முதல் ரிப்போர்ட் போய்ச் சேர்ந்ததாக வந்த மெயிலைக் காட்டினார். இரண்டு வார்த்தை. அதைப் படித்துவிட்டு, "பன்னெண்டு பொண்ணுங்களோட வேலை ஆர்டரும் டைப் பண்ணச் சொல்லிட்டேன்" என்றார்.

ஓடினேன் மேலே. முழங்கால் வலி மறந்துவிட்டது. சாப்பாட்டு நேரம், மூன்று மாதமாக நானும் அக்காவும் சேர்ந்துதான் சாப்பிடுவது. டிபன் பாக்ஸோடு போய் அவள் தோளைத் தொட்டேன். "அக்கா, வா. சாப்பிடலாம். ஒரு விஷயம் சொல்லணும்."

திரும்பவில்லை. கண் திரையில், கால் பெடலில். இடது கையை மட்டும் தூக்கி, போ என்று காட்டினாள்.

"நக்கோ செல்வி. டியூட்டில இருக்கேன்."

தனியாகச் சாப்பிட்டேன். எலுமிச்சை சாதம், அப்பளம். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.